பூனை பெரிதாகவே இருக்கட்டும்

கேள்வி: என் ஏழு வயது மகள் தான் சொல்லும் கதைக்கு ஒரு வரைபடம் போட்டிருக்கிறாள். ஆறு மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறது, மலைகளோ எதிரில் நிமிர்ந்து நிற்கின்றன. பூனை வீட்டைவிடப் பெரிது. அளவு, கோணமெல்லாம் சொல்லிக்கொடுத்துத் திருத்தலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, ரப்பரை எடுக்காதீர்கள். படக்கதைப் புத்தகங்களுக்கு நான் வரைவதும் இப்படித்தான். ஆறும் பாதையும் எப்படி வளைகின்றன என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். மரத்தை மேலிருந்து பார்த்தால்? வெறும் பச்சை வட்டம். அதனால் அதைப் பக்கவாட்டில் நிறுத்துகிறோம். பழைய நிலப்படங்களிலும் மலைகள் அப்படித்தான் வரிசையாக நிற்கும். கதையில் பூனைக்கு வேலை அதிகம் என்றால் பூனைதான் பெரிது.

1881-இல் ஸ்காட்லாந்தின் பிரேமாரில் தங்கியிருந்த எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சன், மனைவியின் மகனான சிறுவனோடு பொழுதுபோக்காக வரைந்துகொண்டிருந்தபோது, எங்கும் இல்லாத ஒரு தீவுக்கு வரைபடம் போட்டு வண்ணம் தீட்டினார். அவருடைய ‘புதையல் தீவு’ நாவல் அந்தத் தாளிலிருந்துதான் பிறந்தது. பதிப்பாளருக்கு அனுப்பிய அந்த வரைபடம் தொலைந்துபோனது. எழுதி முடித்த கதையில் வரும் இடக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, கவராயம் வைத்து அளந்து, மறுபடி வரைய வேண்டியதாயிற்று. அளவெல்லாம் பொருந்தியது. ஆனால் தனக்கு அது ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று பின்னாளில் எழுதினார். அதைப் படித்த நாளிலிருந்து என் முதல் கிறுக்கல்களை நான் தூக்கியெறிவதே இல்லை.

ஒருமுறை காட்டு வரைபடம் ஒன்றில் இண்டு இடுக்கு விடாமல் மரம், பாறை, குகை என்று நிரப்பிவிட்டேன். ஒரு சிறுவனிடம் காட்டினேன். பார்த்தான், பக்கத்தைத் திருப்பிவிட்டான். மேல் மூலையை அழித்து, அதற்குள் நுழையும் ஒற்றையடிப் பாதையை மட்டும் விட்டேன். அடுத்த முறை அவன் விரல் நேரே அங்கே போய் நின்றது. “இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?” என்றான்.

உங்கள் மகளிடமும் கேளுங்கள்: பூனை எந்த வழியாக வீட்டுக்குத் திரும்பும்? இருட்டிவிட்டால் எங்கே தங்கும்? பதில் சொல்லும்போதே பென்சிலைத் தேடுவாள்.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். தாளை நடுவில் மடித்துப் புத்தகமாகத் தைக்கப்போகிறாள் என்றால், பூனையை மடிப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வரையச் சொல்லுங்கள். மடிப்பில் விழுந்தால் முகம் உள்ளே போய்விடும்.