ஸ்லக், பக்ஷாட் இரண்டுக்கும் ஒரே சோக்?

துப்பாக்கியின் குழல்வாயைக் குறுக்க மாட்டும் 'சோக்' ஒன்றே ஒன்றுதான் என்றால், சிறிதளவே குறுக்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக்கை மாட்டுங்கள். ஸ்லக் (ஒற்றை ஈயக் கட்டி உள்ள தோட்டா), பக்ஷாட் (பல பெரிய குண்டுகள் உள்ள தோட்டா) இரண்டுக்கும் அது பொதுவாக ஒத்துவரும்.

செம்பனைத் தோட்டத்தில் பன்றி விரட்ட உரிமம் பெற்ற உங்கள் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியில் ஸ்லக் குறி விலகுகிறது என்றீர்கள்; அதற்கு, இப்போதுள்ள, மிக அதிகம் குறுக்கும் ஃபுல் சோக்கே பெரும்பாலும் காரணம்: குழல்வாயை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுக்கும் அது, மென்மையான ஈயக் கட்டியை நெரித்து உருக்குலைக்கிறது, பெரிய பக்ஷாட் குண்டுகளும் அதில் நசுங்கிச் சிதறலாம்.

அனுமதியுள்ள சுடுதளத்தில், நீங்கள் வழக்கமாகச் சுடும் தொலைவிலேயே அகலமான தாளை நிறுத்தி, ஒவ்வொரு தோட்டா வகையையும் தனித்தாளில் சுட்டுப் பாருங்கள். தாளுக்கு வெளியே போகும் ஒவ்வொரு குண்டும், மரவரிசைக்கு அப்பால் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குபவரை எட்டக்கூடியது. பக்ஷாட் அதிகம் பரவினால் அதற்கு மட்டும் இடைப்பட்ட அளவில் குறுக்கும் மாடிஃபைட் சோக்கைச் சோதிக்கலாம்.

சோக்கின் கையேடு ஸ்லக் கூடாதென்றால் அதுவே முடிவு. தோட்டாக்களை முழுவதும் அகற்றிய பிறகே சோக்கைக் கழற்றுங்கள்.