காய் கனியாகும்போது: கேள்வி பதில்

மேலூர்: சார், போன வாரம் வாங்கிய மாம்பழம் தோல் நல்ல மஞ்சள். அறுத்தால் உள்ளே வெளிறிப்போய் ஒரே புளிப்பு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததா?

பதில்: வாய்ப்பு அதிகம். மாங்காய் பழுக்கும்போது பல வேலைகள் சேர்ந்து நடக்கும். மாவுச்சத்து சர்க்கரையாகும். சிட்ரிக் அமிலம் குறையும். காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் இளகிச் சதை மெத்தென்று ஆகும். தோலில் பச்சையம் சிதையும், சதையில் பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி கூடும். இதையெல்லாம் முடுக்கிவிடுவது காயே வெளியிடும் எத்திலீன் வாயு.

கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வரும். அதுவும் எத்திலீன் செய்கிற வேலையைச் செய்யும். ஆனால் முற்றாமல் பறித்த காயில் சர்க்கரையாக மாறப் போதிய மாவுச்சத்தே இருக்காது. தோல் மட்டும் மஞ்சளாகிவிடும். அதைவிட மோசம், கல்லோடு கலந்திருக்கும் ஆர்செனிக், பாஸ்பரஸ். அதனால்தான் கார்பைடுக்குத் தடை. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. அப்படிப் பழுத்த பழத்துக்குப் பயப்படாதீர்கள். தயவுசெய்து நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், காம்புப் பக்கம் மோந்து பாருங்கள்.

திருமங்கலம்: எங்கள் அப்பத்தா மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அதில் என்ன ரசாயனம்?

பதில்: அதே எத்திலீன்தான். வெளியே போக வழியில்லாமல் காயைச் சுற்றியே தங்கிவிடும். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் இப்படித்தான், புகையிலும் எத்திலீன் உண்டு. ஆனால் கம்பத்துத் திராட்சையைப் புளிக்கிறதே என்று வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். பறித்த பிறகு அது இனிக்காது.

அழகர்கோவில் ரோடு: நாவல் பழம் தின்றால் நாக்கு ஏன் இழுக்கிறது, சார்? என் மகள் கேட்கிறாள்.

பதில்: நல்ல கேள்வி பாப்பா! அதிலுள்ள டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பு போய்விடும், அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். ஊதா நிறம் ஆந்தோசயனின். பழச்சாற்றை இரண்டு டம்ளரில் ஊற்று. ஒன்றில் எலுமிச்சை பிழி, சிவக்கும். இன்னொன்றில் சோப்புத் தண்ணீர் விடு, நீலம் பக்கம் போகும். முருகன் ஔவையிடம் ‘சுட்ட பழம் வேண்டுமா’ என்று கேட்டதாகச் சொல்லும் பழமுதிர்சோலை உங்கள் பக்கம்தானே, ஒருநாள் அங்கே கூட்டிப்போகச் சொல்.

உசிலம்பட்டி: புளி மட்டும் பழுத்தும் ஏன் புளிக்கிறது?

பதில்: அதில் இருப்பது டார்டாரிக் அமிலம். பழுக்கும்போது சர்க்கரை ஏறும், ஆனால் மாங்காயில் போல அமிலம் இறங்காது.