காலையில் கண் விழிக்கும்போது எழும் வலியுடன் வாழ்வது

ஓலை கீறிய காயம் ஆறிப் பல மாதங்களான பிறகும் அதிகாலையில் இமை திறக்கும்போது கண் கிழிபடுவதுபோல் வலிப்பது ஏன், அதை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் வடலி (இளம் பனை) ஓலை நுனி பட்டுத்தான் இது தொடங்கியது; விழிவெண்படலத்தின், அதாவது கருவிழியை முன்புறம் மூடியிருக்கும் தெளிந்த படலத்தின், மேலணி எனப்படும் மெல்லிய மேற்படை மீண்டும் மீண்டும் உரியும் நோய் இது என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் விளக்கினார்கள்.

மேலணி சில நாட்களிலேயே வளர்ந்து காயத்தை மூடிவிடும். ஆனால் அடியிலுள்ள படலத்துடன் அது இறுகப் பிணைய மாதக்கணக்காகும். நித்திரையில் கண்ணீர்ச் சுரப்புக் குறைவதால் இமையின் உட்புறம் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, கண் திறந்ததும் சரியாகப் பிணையாத மேலணியை உரித்துவிடுகிறது. ஆகவே நோயாளி செய்யக்கூடியவை பெரும்பாலும் படுக்கப் போகுமுன்னும் விழித்த முதல் நிமிடத்திலுமே இருக்கின்றன.

படுக்குமுன் கீழிமையின் உட்புறத்தில் வைத்தியர் தந்த களிம்பை இடுகிறேன். வெறும் வழுவழுப்புக் களிம்பும் உண்டு, மேலணியின் வீக்கநீரை இழுக்கும் 5 சதவீத சோடியம் குளோரைட்டுக் களிம்பும் உண்டு. பின்னது சற்று எரியும். விழித்ததும் கண்ணைத் திறக்காமல், மூடிய இமைக்குள் விழியை மெதுவாக அசைத்து, மூக்கோரத்தில் செயற்கைக் கண்ணீர் விட்டுச் சிறிது பொறுத்தே திறக்கிறேன். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைப்பதில்லை; சோளகக் காற்று புழுதியை அள்ளும் மாதங்களில் கண்ணாடி அணியாமல் மோட்டார் சைக்கிளில் ஏறுவதுமில்லை. வலி நின்றுவிட்டது என்று களிம்பை விட்டுவிடாதீர்கள். குறைந்தது 3 மாதமாவது தொடரும்படி வைத்தியர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கட்டுப்போடுவதற்குப் பதிலாகக் கண்ணின் மேல் இடும் மென்வில்லையும் (மென்மையான கொன்டாக்ட் லென்ஸ்) லேசர் சிகிச்சையும் இருக்கின்றன.

அயலவர் அன்போடு சொல்லும் தாய்ப்பாலையும் நந்தியாவட்டைச் சாற்றையும் மரியாதையாக மறுத்துவிடுங்கள், காயப்பட்ட கண்ணுக்குள் அவை கிருமியைக் கொண்டுபோகலாம். மரக்க வைக்கும் துளிமருந்து வலியை உடனே நிறுத்தும். ஆனால் வீட்டில் தொடர்ந்து விட்டால் காயத்தை ஆறவிடாது. எல்லாவற்றிலும் மோசமானது பாமசியில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டுத் துளி: ஓலை, செடி கீறிய கண்ணில் பூஞ்சைத் தொற்று இருந்தால் அதை அது வளர்த்துவிடும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பீளை கட்டினாலோ, பார்வை மங்கினாலோ, வலி பகலிலும் தணியாமல் நின்றாலோ அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.