மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர் வங்காளி என்கிறார்களே, அப்புறம் அதை எப்படிச் சென்னையின் பாரம்பரியம் என்று சொல்வது?

வங்காளிதான். பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் பக்கம் பிறந்தவர். சென்னைக்காரனான எனக்கே இது டெல்லி போய்த்தான் தெரிந்தது.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். கடற்கரைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா ஒரு தடவை சொல்லிவிடுவார்: "கூட்டத்துல கை விட்டுப்போச்சுன்னா உழைப்பாளர் சிலைகிட்ட வந்து நில்லு." அதனால் சிலையில் பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் அந்த நான்கு பேரும் எனக்கு ஏறக்குறைய உறவுக்காரர்கள். வேலைக்கு டெல்லி போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போனேன். வெளியே புல்வெளியில் அதே நான்கு பேர், அதே பாறை. ஊர்க்காரரை வெளியூர் ரயில் நிலையத்தில் பார்த்தது மாதிரி சந்தோஷம். இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்ற குழப்பமும் கூடவே வந்தது. அப்போதுதான் செய்தவர் யார் என்று தேடினேன்.

ராய் சௌத்ரி, வங்காளத்தின் பெரிய ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929 வாக்கில் சென்னை வந்து, எழும்பூர் பக்கம் இருக்கும் ஓவியப் பள்ளியின் (இன்றைய கவின்கலைக் கல்லூரி, 1850இல் தொடங்கியது) முதல் இந்திய முதல்வரானார். 1957 வரை அங்கேதான். முப்பது வயதில் வந்தவர், கிட்டத்தட்ட அறுபது வயது வரை இந்த ஊரிலேயே இருந்து கற்பித்திருக்கிறார். பின்னாளில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் இருவரும் அவர் மாணவர்கள். கலைக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாடமியின் முதல் தலைவரும் அவரே. பத்மபூஷண் வாங்கினார், 1975இல் மறைந்தார். இதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். எனக்குச் சொல்ல ஆசை வேறொன்று.

ஒரு நாள் ஒதுக்கி முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த உடம்பில் ஒரு நரம்பு தெரியாது, ஒரு எலும்பு துருத்தாது. நம் செப்புத் திருமேனிகளில் நடராஜரே ஆடினாலும் வியர்க்காது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலையை மடித்து, தாளம் என்ற மரபான சிற்ப அளவுக் கணக்கில் அளவு எடுத்துத்தான் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே யாரும் மாதிரியாக நிற்பதில்லை.

அப்புறம் பஸ் பிடித்து மெரினாவுக்கு வாருங்கள். அதுவும் வெண்கலம்தான். ஆனால் இங்கே விலா எலும்பு தெரிகிறது, கெண்டைக்கால் இறுகியிருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது. ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர். பாரம் உடம்பில் எந்த இடத்தில் இறங்கும் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்ததாக இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். பள்ளியின் இரவுக் காவலரையும் ஒரு மாணவரையும் நிற்கவைத்துத்தான் இந்த உருவங்களைப் பிடித்தார் என்று சொல்வார்கள்.

டெல்லியில் எனக்கு வந்த குழப்பத்துக்கும் விடை வார்ப்பு முறையில்தான் இருக்கிறது. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண்ணை உடைத்தாக வேண்டும். ஆக ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, அவ்வளவுதான். ராய் சௌத்ரி கற்றது ஐரோப்பிய வழி. கம்பிச் சட்டத்தின் மேல் களிமண்ணில் உருவம் பிடித்து, அதை பிளாஸ்டரில் அச்செடுத்து, உள்ளே வெற்றிடம் விட்டு வெண்கலத்தில் வார்ப்பது. அச்சு மிஞ்சும், மறுபடி வார்க்கலாம். அதனால்தான் அந்த நான்கு பேரால் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் பாறை தள்ள முடிகிறது.

சரி, இது யாருடையது? கை வங்காளியின் கை. முறை ஐரோப்பாவின் முறை. நின்ற உடம்புகள் மதராஸ் உடம்புகள். 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில் 1959இல் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி நடந்துபோகிற காந்தியும் அதே ஆண்டு, அதே கையிலிருந்து வந்தவர். அதே சாலையில் போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று மூன்று வெள்ளைக்காரர்கள் 1968இலிருந்து நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஊர் கேட்பதில்லை. ராய் சௌத்ரி நிற்கவில்லை, செய்துவைத்துவிட்டுப் போனார். அதனால்தான் கேள்வி வருகிறதோ என்னவோ.

இன்னொன்று. ஆங்கிலத்தில் அந்தச் சிலைக்கு 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்' என்று பெயர், அதாவது உழைப்பின் வெற்றி. நிதானமாகப் பார்த்தால் அங்கே வெற்றி எதுவும் இன்னும் நடக்கவில்லை. கழி கொடுத்து நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள், பாறை அப்படியே இருக்கிறது. சென்னைக்காரர்கள் அந்த 'வெற்றி'யை விட்டுவிட்டு உழைப்பாளர் சிலை என்று மட்டும் கூப்பிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததாகத் தெரியவில்லை. எனக்கு என்னவோ செய்தவர் வைத்த பெயரைவிட இதுதான் சிலைக்குப் பொருந்துகிறது.

போனால் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். முன்னால் நின்று செல்ஃபி எடுத்ததும் திரும்பிவிடாமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முகங்களைவிட முதுகுகளை நன்றாகச் செய்திருக்கிறார்.