டயாலிசிஸ் குழாயில் கிருமி

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்கிறோம். குளிர் ஜுரம் வந்து, ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃப் வகைக் கிருமி) என்று சொல்லி, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். மெஷினிலிருந்து வந்திருக்குமா?

பதில்: மெஷினைவிடக் கைகள் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஒருவரைத் தொட்ட கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். குழாயின் மூடியைக் கழற்றியதும் அதன் வாயைக் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டுத்தான் மெஷினோடு இணைக்க வேண்டும்; அவசரத்தில் தவறுவது இங்கேதான், அந்த நேரத்தில் அப்பாவும் நர்ஸும் மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். வான்கோமைசினைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அதற்கே அடங்காத ஸ்டாஃப் கிருமி அமெரிக்காவில் முதன்முதலில் 2002ல், மிச்சிகனில் ஒரு டயாலிசிஸ் நோயாளியிடம்தான் தென்பட்டது. அப்புறம், கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் வழி) எப்போது வைக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். குழாயைவிட அதில் தொற்று மிகவும் குறைவு.