புதுக் குழுவில் பெயர் பழகுவது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இளைஞர் கழகம், மாதர் சங்கம், சாரணர் முகாம் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பல வருடமாகப் பயிற்சி நடத்தி வருகிறேன். புதிதாகக் கூடும் ஆட்கள் ஒருவர் பெயரை ஒருவர் பழகுவதற்கான விளையாட்டுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வாழைச்சேனை, ஆசிரியர்: உயர்தர வகுப்புக்குப் பல பாடசாலைகளில் இருந்து 30 பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வட்டமாக நிற்க வைத்து வரிசையாகப் பெயர் சொல்ல வைத்தேன். முடிந்ததும் கேட்டால் ஒருவருக்கும் ஒரு பெயரும் நினைவில்லை. ஏன்?

அடுத்தது தன் முறை என்று காத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழும், மனதில் நிற்காது. 1973இல் மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்த சொற்களை ஆட்கள் அதிகம் மறந்திருந்தார்கள். உங்கள் வட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் முறையை நினைத்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.

பெயர்ச் சங்கிலி வையுங்கள். முதல் ஆள் தன் பெயரைச் சொல்வார். இரண்டாம் ஆள் அந்தப் பெயரையும் தன் பெயரையும் சொல்வார். மூன்றாம் ஆள் மூன்று பெயர். 2000இல் மோரிஸ், ஃபிரிட்ஸ் என்ற இருவர் இதை மாணவர் குழுக்களில் வைத்துப் பார்த்தபோது, இருவர் இருவராக அறிமுகமான குழுக்களைவிட இப்படி விளையாடிய குழுக்களே பெயர்களை நன்றாக நினைவில் வைத்திருந்தன. மனதுக்குள் தேடி எடுத்துச் சொல்லும்போதுதான் பெயர் பதிகிறது.

ஆனால் 30 பேரை ஒரே சங்கிலியில் விடாதீர்கள். மற்றவர் பெயரை மொத்தம் 435 தடவை சொல்ல வேண்டிவரும், கடைசிப் பிள்ளை பயந்தே போகும். பத்துப் பத்துப் பேராக மூன்று வட்டம் போட்டால் ஒரு வட்டத்துக்கு 45 தடவைதான். பிறகு எல்லோரையும் கலந்து பந்து எறிய விடுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி டேப் சுற்றிய பந்து போதும். யாருக்கு எறிகிறீர்களோ அவர் பெயரைச் சொல்லி, அவருடைய கண் உங்கள் பக்கம் திரும்பிய பிறகே எறிய வேண்டும். அவசரப்பட்டால் பந்து தோளில் பட்டு விழும், எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள், பெயரை மறந்துவிடுவார்கள். டீ குடித்து வந்ததும் ஒருமுறை, அடுத்த நாள் காலையில் ஒருமுறை திரும்ப விளையாடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டமாவடி: பெயரை மறந்தவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் பெயரை எடுத்துக் கொடுக்கட்டும், இவர் அதைத் திரும்பச் சொல்லட்டும்.

காரைதீவு, அறநெறிப் பாடசாலை: "அன்பான அனுஷா" என்று ஒரே எழுத்தில் அடைமொழி சேர்க்கும் விளையாட்டு நல்லதா?

சின்னப் பிள்ளைகளுக்கு எனக்கு விருப்பமில்லை. கேலிச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டால் வருடக் கணக்கில் போகாது. பெயர்க் கதை சொல்ல விடுங்கள்: யார் வைத்த பெயர், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? வெறும் பெயர் மனதில் தங்குவது கடினம், அதோடு ஒரு கதை சேர்ந்தால் பிடிமானம் கிடைக்கும். தொடங்கிவைக்க உங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புங்கள், எல்லாரும் கை உயர்த்துவார்கள்.

களுவாஞ்சிக்குடி, மாதர் சங்கம்: எங்களிடம் 22 வயதுப் பிள்ளையும் இருக்கிறாள், 60 தாண்டிய அம்மாமாரும் இருக்கிறார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பது சரியா?

பெயரோடு முறையையும் சேர்த்துச் சொல்லட்டும்: மரகதம் மாமி, பரீதா ராத்தா (அக்கா). தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அந்தந்த ஆளே முதலில் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்று: இது பிழை. மாமி, அக்கா என்றாலே போதும், பெயர் எதற்கு? என் மாமியாரும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். அவர் பெயர் என் வாயில் வராது.

உங்கள் மாமியாரின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம், இருவரும் வேறு வேறு வட்டத்தில் நில்லுங்கள். ஆனால் பெயர் எதற்கு என்று கேட்பதை என்னால் ஏற்க முடியாது. ஒரு கரையோரக் கிராமத்தில் 61 வயது அம்மா ஒருவர் கைக்குப் பந்து வந்தது. "சுரேசிட அம்மா" என்றார். உங்கள் பெயர் என்ன அம்மா என்று கேட்டேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "பூரணம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி திரும்பி, "உங்கட பேர் பூரணமா?" என்று கேட்டார். இருவருக்கும் இருபது வருடமாக ஒரே வேலி.

திருக்கோவில்: எங்கள் சேமிப்புக் குழுவில் ஐந்து மாமி. "மாமி 500 ரூபாய் கட்டினா" என்று கொப்பியில் எழுதினால் எந்த மாமி? பெயர் வேண்டும்.

மீண்டும் அக்கரைப்பற்று: கொப்பியில் எழுதுவது வேறு, நாலு பேர் நடுவே பந்தை எறிந்து பெயரைக் கூவுவது வேறு.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூவுவது மரியாதை இல்லைதான். இனிமேல் பெரியவர்கள் உள்ள குழுவில் முதல் நாள் பந்து வைக்க மாட்டேன். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்லட்டும், மற்றவர்கள் முறையோடு சேர்த்து மெதுவாகத் திருப்பிச் சொல்லட்டும். பெயரைச் சொல்லாமலே விடுவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

கல்முனை: 40 பேருக்கு என்ன விளையாட்டு?

வாழைச்சேனை ஆசிரியருக்குச் சொன்னதைப் பாருங்கள். நாலு வட்டம்.

பொத்துவில்: மறந்தவரை ஒரு பாட்டாவது பாட விடலாமா?

தண்டனை பற்றி இது மூன்றாவது கேள்வி, ஒன்றை இங்கே போடவே இல்லை. பாட்டு, ஆட்டம், தோப்புக்கரணம் எதுவும் வேண்டாம். வெட்கப்பட்ட பிள்ளை அடுத்த கிழமை வராது. வராதவரோடு யார் பழகுவது?

அம்பாறை நகரம்: தமிழ், சிங்களம் பேசும் இளைஞர்கள் கலந்த குழு. "யாழினி" என்ற பெயர் சிங்களம் பேசுபவர்கள் வாயில் வரவில்லை. சுருக்கிக் கூப்பிடலாமா?

அந்தப் பிள்ளை கேட்டால் ஒழிய வேண்டாம். சிங்களத்தில் ழகர ஒலி இல்லை. அவளே மூன்று தடவை நிறுத்திச் சொல்லட்டும், அவர்கள் முயலட்டும். கிட்ட வந்தால் போதும். அவர்களுடைய பெயர்களுக்கு நாமும் அதே பாடுபட வேண்டும். பெயர் அட்டையை இரண்டு எழுத்திலும் எழுதுங்கள்.

செங்கலடி: பெயரோடு அப்பாவின் தொழில், குடி (வம்சம்) எல்லாம் சொல்ல விடலாமா?

கூடவே கூடாது. போரிலும் சுனாமியிலும் அப்பாவை இழந்த வீடுகள் இங்கே எத்தனை! குடியைக் கேட்டால் அறிமுகம் விசாரணையாகிவிடும்.

ஏறாவூர், ஒரு தாய்: மகனுக்குத் திக்கும். பெயர் சொல்லும் விளையாட்டு என்றால் முகாமுக்கே போக மாட்டேன் என்கிறான்.

திக்குபவர்கள் பலருக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரிய கஷ்டம். வேறு சொல் வராவிட்டால் மாற்றுச் சொல் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. முகாம் நடத்துபவர் முதல் நாளே மகனிடம் தனியாகக் கேட்கட்டும். நான் இப்படிச் செய்வேன்: எல்லோரும் பெயரை அட்டையில் எழுதிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு பெயரையும் அந்த ஆளோடு சேர்ந்து முழு வட்டமும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். பலரோடு சேர்ந்து சொல்லும்போது திக்கு பெரும்பாலும் குறையும், மகன் தனியாகவும் தெரியமாட்டார். அவர் தனியாகச் சொல்ல விரும்பினால் எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள், பாதியில் யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது. முகாமை நடத்துவது யார் என்று எனக்கு எழுதுங்கள் அம்மா, நானே அவரோடு கதைக்கிறேன்.