டவர் உச்சியில் பிளக் பாயின்ட் வைக்கலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 15 மீட்டர் இரும்பு டவர் வைத்து ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) நடத்துகிறேன். மேலே ஆன்டெனா ஸ்விட்ச், கேமரா, ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டர் மூன்றும் இருக்கின்றன. எப்போதாவது டிரில் போடவும் உதவும் என்று உச்சியில் 230 வோல்ட் பிளக் பாயின்ட் ஒன்று வைக்க ஆசை. "டவருக்குத்தான் எர்த் இருக்கே, பயமில்லை" என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எர்த் இருக்கிறதே என்ற தைரியத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். டவரின் எர்த் குழி 10 ஓம், தெரு டிரான்ஸ்பார்மரின் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் ஒயர் வெயிலில் காய்ந்து வெடித்து, அதன் லைன் (கரன்ட் வரும் கம்பி) டவர் இரும்பில் பட்டால், மண் வழியாக ஓடுவது சுமார் 19 ஆம்பியர். கரன்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்தான் எம்சிபி; 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது பெரிய சுமையே இல்லை. அது விழ ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், விழாமலே இருக்கவும் கூடும். அதுவரை டவர் முழுக்க 190 வோல்ட் நிற்கும். கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் சும்மா கை வைத்தாலும் போச்சு.

மேலே ஏறியவரின் நிலைமை வேறு மாதிரி. அவர் கையும் காலும் எர்த் ஆன இரும்பில்தான் இருக்கும். பிடித்திருக்கும் டிரில்லின் ஒயரில் கீறல் இருந்தால் கரன்ட் அவர் உடம்பு வழியாகவே இறங்கும். அங்கே நல்ல எர்த்தே பகை. உயிரை எடுக்காத சின்ன ஷாக்கும் பிடி நழுவப் போதும்.

சரி, உங்கள் பட்டியலில் 230 வோல்ட் எதற்குத் தேவை? ஆன்டெனா ஸ்விட்ச்சின் ரிலேக்களுக்கு (கரன்ட் கொடுத்தால் இணைப்பை மாற்றும் பாகங்கள்)ப் பொதுவாக 12 வோல்ட் டிசி போதும். சிக்னலோடு டிசியையும் சேர்த்து அனுப்ப உதவும் பயஸ்-டீ என்ற சின்னப் பெட்டியை வைத்து, அதைக் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வழியாகவே அனுப்பலாம். கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே 48 வோல்ட் போகும் பிஓஇ வகை இருக்கிறது. வீட்டுக்குள் கன்ட்ரோல் பாக்ஸ் வைக்கும் ரோட்டேட்டர்களில் பெரும்பாலானவை மேலே 24 வோல்ட் அளவில்தான் ஓடும். டிரில்லுக்கு பேட்டரி மாடல் வாங்கிவிடுங்கள்.

12 வோல்ட்டில் இழப்பை மட்டும் கவனியுங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் போக வர ஏறக்குறைய ஒரு ஓம். அரை ஆம்பியருக்கு அரை வோல்ட்தான் போகும், பரவாயில்லை. 5 ஆம்பியர் என்றால் 5 வோல்ட் போய்விடும். அப்போது 24 வோல்ட்டுக்கு மாறுங்கள், அல்லது தடித்த ஒயர் போடுங்கள்.

தவிர்க்கவே முடியாமல் 230 வோல்ட் ஏற்ற வேண்டிய கருவி ஏதாவது வந்தால், அதற்கென்று தனி லைன். அது புறப்படும் இடத்திலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். எம்சிபி கண்டுகொள்ளாத அந்தக் கசிவை இது நொடியின் ஒரு பங்கில் துண்டிக்கும். கேபிள் உலோகக் கவசம் போட்ட ஆர்மர்டு வகை, பெட்டி மழை புகாத ஐபி65, டவர் அடியில் லைன், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும், பூட்டுப் போடக்கூடிய ஐசொலேட்டர். அதற்கு மேல் பிளக் பாயின்ட் மட்டும் வேண்டாம், கருவியோடு நேரடியாக இணையுங்கள்.

அப்புறம் மின்னல். டவரில் ஏறும் ஒவ்வொரு ஒயரும் மின்னலை வீட்டுக்குள் அழைத்துவரும் வழி. பலர் டவருக்குத் தனிக் குழி வெட்டிவிட்டு வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுகிறார்கள். மின்னல் விழும் அந்தக் கணம் இரண்டு எர்த்துக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அது உங்கள் ரேடியோ வழியாகத்தான் சமன் ஆகும். இரண்டையும் தடித்த பட்டையால் இணைத்து, கேபிள்கள் எல்லாம் ஒரே இடத்தில், திடீர் வோல்ட் ஏற்றத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் வழியாக உள்ளே வரும்படி செய்யுங்கள். கால்வனைஸ் செய்த டவர் காலில் வெறும் செம்புப் பட்டையை முறுக்காதீர்கள், துத்தநாகப் பூச்சை அது அரித்துவிடும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை போதும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மேலே ஏறும் முன் டிரான்ஸ்மிட்டரையும் ஐசொலேட்டரையும் அணைத்து, பூட்டின் சாவியை ஏறுபவரே பையில் வைத்துக்கொள்ளட்டும்.